ஸஹாப்தீன் வீட்டு வரிப்பணம்

கித்துல்தெனிய பஜாரில் இறங்கி இந்திரகுமார் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வரிப்பணம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பால் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை கை காட்டுவார்கள்.

வீட்டுக்கும் கடைக்கும் பிரதேச சபை போடுகிற வரிக்கு அந்தப் பக்கத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: வரிப்பணம். அதை வசூலிக்க வருகிறவனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மேட்டுத் தெருவின் அடியில் அவனுடைய கறுப்புக் குடை தெரிந்ததுமே "வரிப்பணம் வருது" என்று ஒரு குரல் எழும். அவ்வளவுதான், பட்டப்பகலில் ஊரே தூங்கிப்போகும். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. அடுப்பில் மீன் பொரிகிற வாசம் மூக்கைத் துளைக்கும், பொரிக்கிறவள் கொழும்புக்குப் போயிருப்பாள். அவன் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்று, நோட்டீஸைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பான். கோபப்பட்டதில்லை. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கடன்காரனையாவது மனிதர்கள் ஏசுவார்கள், இவனை ஏசக்கூட ஒருவரும் வெளியே வந்ததில்லை.

யட்டியாந்தோட்டையிலிருந்து உள்ளே ஏறும் பாதையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த பஜார். இந்திரகுமார் பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தொண்ணூற்றிரண்டில் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தபோது அவனுடைய அப்பா பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வருடமே அவர் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் பின்னாலேயே போனாள். அண்ணன் வத்தளையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே கல்யாணம் கட்டி அந்த ஊர்க்காரனாகிவிட்டான். மிஞ்சியது தோட்டம் அப்பாவுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை லயக் காம்பராவும், பரீட்சை பாஸ் பண்ணின ஒரு சேர்ட்டிபிக்கேட்டும், சிங்களவரே அசந்துபோகும் அளவுக்குச் சிங்களமும்தான். அந்தச் சிங்களமும் தமிழும் சேர்ந்துதான் தொண்ணூற்றிநாலில் அவனுக்குச் சபையில் வேலை வாங்கிக் கொடுத்தன. பஜாரில் பாதிப்பேர் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள், சபையிலோ தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. கெஷுவல் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை "இன்னும் ஆறு மாதம்" என்று நீட்டுவார்கள். நீட்டி நீட்டியே வருடங்கள் ஓடின.

தோட்டத்திலும் அவனுக்கு ஒட்டுறவு இல்லாமல் போயிற்று. சபை போட்ட தெரு விளக்குகள் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் கம்பெனியின் இடம், சபை அங்கே காசு செலவழிக்க முடியாது, சட்டம் அப்படி. பக்கத்துக் காம்பரா முத்துவீரனுக்குச் சட்டம் எல்லாம் எங்கே ஏறும்?

"ஊருக்கெல்லாம் லைட்டு போடுற ஐயாவே! நம்ம லயத்துப் பக்கமும் ஒரு பல்பு மாட்டுனா கொறஞ்சா போயிருவீங்க?" என்பான் அவன்.

"அது என் கையில இல்லண்ணே. இங்க நம்ம யாரும் வரி கட்டுறதில்லையே."

"கட்டச் சொல்லிப் பாருங்களேன், காம்பரா நம்மதுன்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே கட்டுறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு அவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்கள், அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வெள்ளைச் சட்டை போட்டவனிடம் மனம்விட்டுப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். கெஷுவல் என்றதும் இரண்டும் நின்றுபோயின.

அப்படிப்பட்டவனுக்குத்தான், சபையில் சேர்ந்த முதல் வருடமே, மேட்டுத் தெருவின் உச்சியில் ஒரு கதவு திறந்தது.

ஓட்டு வீடு, முன்னால் ஒரு பெரிய ஹோல், பின்னால் ரம்புட்டான் மரம். சபையின் வரிப் பட்டியலில் சொந்தக்காரர் பெயர் ஸஹாப்தீன் என்று இருந்தது. பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. புதிதாக வேலைக்கு வந்தவன் அல்லவா, வாசலில் நின்று கணீரென்று கூப்பிட்டான்.

"ஸஹாப்தீன் முதலாளி இருக்காருங்களா?"

முக்காடு போட்ட ஓர் அம்மா உள்ளே இருந்து வந்தார். அறுபதைத் தொட்ட வயது, ஒல்லியான முகம், அதற்குள் சிரிப்பா கோபமா என்று தெரியாத கண்கள்.

"ஈக்கிறார். பள்ளிக்குப் பின்னால மையவாடியில. அஞ்சு வருஷமா அங்கதான். நீங்க எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டார். உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

மையவாடி என்றால் அடக்கம் செய்கிற இடம் என்பது இந்திரகுமாருக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் தெரியவில்லை. முன் கதவை அகலத் திறந்துவைத்து, ஹோலில் கிடந்த மர வாங்குப் பலகையில் அவனை உட்காரச் சொன்னார் ஸஹாப்தீனின் மனைவி ஹபீஸா உம்மா. தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் வந்தன. அவர் உள்வாசல் நிலையோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மகன் ஜாபிர் கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தான், மகள் றமீலா மாவனெல்லையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு அவன் அங்கே அரை மணித்தியாலம் இருந்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனிடம் ஒருவர் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நடந்து இறங்கும்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வருட வரியை ஜனவரியிலேயே மொத்தமாகக் கட்டினால் பத்தில் ஒரு பங்கு கழிவு உண்டு. இல்லையென்றால் காலாண்டுக்கு ஒருமுறை நாலு தவணையாகக் கட்டலாம். அடுத்த ஜனவரியில் அவன் கடமை தவறாமல் இதை எடுத்துச் சொன்னான்.

"ஒரேயடியா கட்டிட்டா கழிவு கெடைக்குங்க உம்மா. கையில இருந்தா இப்பவே முடிச்சிருங்க."

"கழிவு எனக்கு என்னத்துக்குத் தம்பி? நாலு தரமாவே கட்டுறேன்."

கையில் பணம் இல்லை போல என்று அவன் நினைத்துக்கொண்டான். மறு வருடமும் அதே பேச்சு, அதே பதில். அந்தத் தடவை அவர் பணம் எடுக்க அலுமாரியைத் திறந்தபோது, வருட வரியைப் போல எத்தனையோ மடங்கு பணம் அங்கே மடித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. மொத்தமாகக் கட்டினால் வரிப்பணம் வருடத்தில் ஒரு தரம்தான் வரும். நாலாகக் கட்டினால் நாலு தரம் வரும். விஷயம் அவ்வளவுதான். விளங்கியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு ரசீது எழுதினான். அதற்குப் பிறகு கழிவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாலு தரம் என்பது போகப் போக எட்டாயிற்று, பத்தாயிற்று. ரசீதில் எழுத்து தெளிவில்லை என்று ஒரு நாள் போவான், ஓட்டுக் கூரையின் அளவு சரிபார்க்க வேண்டும் என்று ஒரு நாள் போவான். ஊரில் யார் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், யார் கடையை யாருக்கு விற்றார்கள் என்று அவன் சொல்லுவான். அவர் பழைய கதையைச் சொல்லித் திருத்துவார். "அந்த வீடு ஹலீம்ட இல்ல தம்பி, அது அவன்ட மாமனார்ட. அவன் சும்மா குந்திக்கிட்டு ஈக்கிறான்." ஹபீஸா உம்மாவுக்கு மூட்டு வலி, தெரு இறங்கிப் பஜாருக்குப் போய் வருடக்கணக்காகியிருந்தது. இருந்தாலும் பஜாரின் ஒவ்வொரு செங்கல்லும் யாருக்குச் சொந்தம் என்று அவருக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்த சமயம், வீடு வீடாக நின்று நம்பர் எழுதுகிற தமிழனைப் பார்த்துப் புதிதாக வந்த ஒரு பொலிஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேட்டுத் தெருவில் அவனை நிறுத்தி, பையைத் தரையில் கொட்டச் சொன்னார். ஜன்னல்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன, ஒரு கதவும் திறக்கவில்லை. மூட்டு வலிக்காரி ஹபீஸா உம்மாதான் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். "மே அப்பே வரிப்பணம் மாத்தயா!" என்று சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டார். இவர் எங்கள் வரிப்பண ஐயா, இவருக்கு நான் தேத்தண்ணி கொடுக்கிறவள், உமக்கும் வேண்டுமென்றால் வாரும் என்று ஒரு பிடி பிடித்தார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். இந்திரகுமார் தரையில் சிதறியதைப் பொறுக்கும்போது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கள்" என்று ஒருவர் அவனைச் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சபையின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தோட்டங்களிலிருந்து ஏக்கர் கணக்கில் ஒரு வரி வரவேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு அது ஒழுங்காக வரவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தானே என்றது அந்தத் தோட்டத்துக் கம்பெனி. அனுபவிக்கிறவன் கட்டு என்றது சபை. வழக்கு இழுபட்டது. இதற்கிடையில் குப்பை டிராக்டர் உடைந்து நின்றது, தெரு விளக்குகளுக்கு மின்சார பில் ஏறியது. கம்பெனியை அசைக்க முடியாதவர்கள் யாரைப் பிடிப்பார்கள்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பஜாரைப் பிடித்தார்கள்.

பஜாரிலோ பட்டியலில் பாதிப்பேர் செத்தவர்கள். வீடு மகனுக்குப் போயிருக்கும், மருமகனுக்குப் போயிருக்கும், மூன்று கை மாறியிருக்கும், பெயர் மட்டும் பாட்டன் பெயராகவே இருக்கும். செத்தவன் மேல் வழக்குப் போட முடியுமா? இன்னொன்றும் இருந்தது. ஒரு காணியோ வீடோ முறையாக உறுதிப் பத்திரம் எழுதிக் கைமாறினால் முத்திரை வரி என்று ஒரு தொகை மாகாணத்துக்குப் போகும், அங்கிருந்து அந்தந்த ஊர்ச் சபைக்குத் திரும்பி வரும். உறுதி எழுதாமல் வாய்ப்பேச்சில் கைமாறினால் சபைக்குச் சல்லிக்காசு கிடையாது.

சபையின் செயலாளர், லேகம் மாத்தயா என்று எல்லாரும் அழைக்கிற விமலசேன, இந்திரகுமாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர், வீணாகப் பேசமாட்டார். "இந்திர, எல்லாப் பெயரையும் உயிரோடு இருக்கிறவன் பெயருக்கு மாற்று. முடித்துக் கொடு, உன்னை நிரந்தரமாக்க நான் எழுதுகிறேன்" என்றார் சிங்களத்தில்.

நிரந்தரம்! பென்ஷன் உண்டு, லீவு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டுவார்களா என்ற பயம் இல்லை. இந்திரகுமார் பேயாக உழைத்தான். யார் வீடு யாருக்குப் போயிற்று என்று தெரியாத இடத்தில் ஹபீஸா உம்மாவின் வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வான், அவர் விரல் மடக்கிச் சொல்லுவார். ஒன்றரை வருடத்தில் மேட்டுத் தெரு முழுதும் மாறிவிட்டது. சபிக்காத வாயில்லை. கட்டாத வரி எல்லாம் வந்தது, டிராக்டர் ஓடியது.

கடைசியில் மிஞ்சியது ஒரு பெயர்தான். ஸஹாப்தீன்.

அவன் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டான். அந்த வீட்டில் ஒரு காலாண்டுகூடப் பாக்கி விழுந்ததில்லை, மாற்றி என்ன ஆகப்போகிறது என்று லேகம் மாத்தயாவிடம் கேட்டும் பார்த்தான். "உனக்கு வேண்டியவர்கள் என்று விட்டாயா என்று நாளைக்கு ஊர் கேட்கும். அதையும் முடி" என்றார் அவர். அதுவும் நியாயந்தான்.

ஒரு மழை நாளில் அவன் விஷயத்தை எடுத்தான்.

"உங்க பேருக்கு மாத்திரலாம்ங்க உம்மா. முதலாளி போயி இத்தனை வருஷமாச்சு."

ஹபீஸா உம்மா கையிலிருந்த ரசீதுத் துண்டைத் தடவிப் பார்த்தார். "அவர்ட பேர்ல துண்டு வாறது எனக்கு ஒரு இது தம்பி. நீங்க வந்து அவர்ட பேரைச் செல்லிக் கூப்பிடுறதும் எனக்குப் புடிக்கும். வேற ஆரு இப்ப அவரைக் கூப்பிடுறாங்க?" என்றார். பிறகு, "பேர மாத்தினா வீடு மாறிப் போகாதே?" என்று கேட்டார்.

"பேரு மட்டுந்தாங்க உம்மா. வீடு எங்க போகப் போவுது? உங்க வூட்டுக்காரர் வூடு உங்களுக்குத்தானே."

மனதாரச் சொன்னான். ஒரு துளி சூது இல்லை. அவன் பார்த்து மாற்றிய தமிழர், சிங்களவர் வீடுகளில் எல்லாம் புருஷன் மரண சாசனம் எழுதாமல் செத்தால் பாதி பெண்சாதிக்கு என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசு கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். முஸ்லிம் வீடுகளில் அவன் மாற்றியது பெரும்பாலும் வாப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தவை. புருஷன் செத்து, பிள்ளைகளும் இருந்து, விதவை தனியாகக் குடியிருக்கிற வீடு என்று ஒன்றை அவன் அதுவரை தொட்டதே இல்லை. அந்தச் சனத்தின் சட்டத்தில் அப்படி ஒரு விதவைக்கு எட்டில் ஒரு பங்குதான், மிச்சம் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. ஹபீஸா உம்மாவுக்கு அது ஒருவேளை தெரிந்திருக்கும். தெரிந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாரோ என்னவோ. ஆனால் வரிப்பணம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். நம்பி, மகனுக்கு டெலிபோன் பண்ணினார், ஒரு கையெழுத்து வேண்டும் என்று.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டாயிற்று.

ஜாபிரை யாரும் கெட்டவன் என்று சொல்ல முடியாது. மாதம் தவறாமல் உம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவன். அந்த வீடு உம்மாவுடையது என்றே அவனும் இத்தனை காலம் நினைத்திருந்தான், நினைக்கக்கூட இல்லை, அது அங்கே இருந்தது அவ்வளவுதான். நொத்தாரிசு பங்கு பிரித்துக் காட்டியபோதுதான் வீட்டில் தனக்குப் பெரும்பங்கு இருப்பது அவனுக்கு உறைத்தது. அந்த வருடம் அவனுடைய கடைக்கு வாடகை ஏறியிருந்தது, றமீலாவின் புருஷனுக்கும் ஒரு லொறி வாங்க ஆசை இருந்தது. நிவித்திகலப் பக்கத்து மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் மேட்டுத் தெருவில் இடம் தேடிக்கொண்டிருந்தார். எல்லாம் கூடி வந்தது.

இந்திரகுமார் போனபோது ஹோலில் ஜாபிர் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று சலாம் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்தான்.

"உங்களுக்குத்தான் நன்றி செல்லணும் சேர். இத இப்படியே விட்டிருந்தா நாளைக்கு எங்கட புள்ளைகள் காலத்துல பெரிய சிக்கலாப் போயிருக்கும். உம்மாவும் இந்த வயசுல தனியா ஈக்கிறது சரியில்ல. றமீலா கூட்டிக்கிட்டுப் போறா."

வயதான தாயைப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போவதை வேண்டாம் என்று சொல்ல இந்திரகுமார் யார்? உள்வாசல் பக்கம் பார்த்தான். ஸ்டூல் இருந்தது, அவர் இல்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேத்தண்ணியை ஜாபிரே கொண்டுவந்து கொடுத்தான்.

வீடு நல்ல விலைக்குப் போயிற்று. மாணிக்கக்கல் முதலாளி விலையை ஒளிக்காமல் உறுதியில் எழுதியவர், அப்படி எழுதுகிறவர்கள் குறைவு. அந்த முத்திரை வரி மாகாணத்துக்குப் போய்ச் சபைக்குத் திரும்பி வந்தபோது லேகம் மாத்தயா எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். ஒரு வீட்டிலிருந்து சபைக்கு அவ்வளவு பெரிய தொகை அதுவரை வந்ததில்லை. அந்தக் காசில் மேட்டுத் தெருவுக்குத் தார் போட்டார்கள். இந்திரகுமாரும் ஒரு துண்டு கேக் சாப்பிட்டான். தண்ணீர் குடித்து இறக்கினான்.

ஹபீஸா உம்மா புறப்பட்ட அன்று வான் ஒன்று வந்து நின்றது. சாமான்கள் அதிகம் இல்லை, பெரிய அலுமாரியை வாங்கியவரே வைத்துக்கொண்டார். இந்திரகுமார் தெருவோரம் குடையுடன் நின்றான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவனைப் பார்த்து நின்றார்.

"போயிட்டு வாறேன் தம்பி. நல்லாச் சாப்பிடுங்க, மெலிஞ்சி போயிட்டீங்க."

திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், வான் கதவு சாத்தப்பட்டது.

புதிய முதலாளி வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டினார். கேட்டில் ஒரு காவல்காரன். வருட வரியை ஜனவரியிலேயே மொத்தமாக, கழிவு போக, ஆள் மூலம் சபைக்கு அனுப்பிவிடுவார். வரிப்பணம் அந்த வீட்டுக்குப் போகத் தேவையே இல்லை. ஊரிலேயே மிக ஒழுங்காக வரி கட்டுகிறவர் என்று சபையில் அவருக்கு நல்ல பெயர்.

இரண்டாயிரத்து நாலில் நிரந்தரக் கடிதம் வந்தது. சபையில் கை குலுக்கினார்கள். லயத்துக்கு வந்து முத்துவீரனிடம் சொன்னான். "அப்ப இனிமே பல்பு வரும்னு சொல்லுங்க" என்றான் அவன், பழைய கேலிதான். இந்திரகுமார் காம்பராவுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். பத்து வருடமாக எதிர்பார்த்த கடிதம். அதை எடுத்து மறுபடி வாசித்தான், மடித்தான். கேட்டுச் சந்தோஷப்பட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு, கேகாலையில் பஸ் மாறி மாவனெல்லையில் இறங்கினான். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். சுற்று மதில், தகரக் கேட். றமீலா கேட்டைப் பாதி திறந்து நின்றாள். அவளுக்கு அவனைச் சட்டென்று தெரியவில்லை. சபையிலிருந்து என்றதும் தெரிந்தது, முகம் கொஞ்சம் மாறியது.

"வீட்டுக்காரர் கடையில ஈக்கிறார். என்ன விஷயமா வந்தீங்க?"

என்ன விஷயம்?

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி ஒன்று இருப்பதே தோன்றவில்லை. கல்யாணமாகாத ஒரு இந்து ஆம்பிளை, உறவும் இல்லை, வேலை விஷயமும் இல்லை, ஒரு முஸ்லிம் விதவையைத் தேடி அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறான். பார்க்க வந்தேன் என்று சொல்லலாமா? சொன்னால் அந்த அம்மாவை இந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? வரி என்ற ஒன்று இருந்ததால்தான் இத்தனை வருடம் அந்தக் கதவு அகலத் திறந்திருந்தது.

"சபை விஷயந்தாங்க," என்றான். "அந்த வூட்டுக் கணக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. உம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு."

றமீலா அவனை முன் அறையில் உட்காரவைத்தாள். உள்ளறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அந்த வீட்டு ஒழுங்கு அப்படி. திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம், பிறகு அந்தக் குரல், முன்னைவிட மெலிந்து.

"ஆரு, தம்பியா?"

"நான்தாங்க உம்மா. எனக்கு நிரந்தரமாயிருச்சுங்க."

"அல்ஹம்துலில்லாஹ். நான் துஆ கேட்டுக்கிட்டே ஈந்த." றமீலா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "கணக்கு முடிஞ்சண்டா செல்லுறீங்க?"

"முடிஞ்சிருச்சுங்க உம்மா."

"ஒண்டும் பாக்கி இல்லையா தம்பி? நல்லாப் பாருங்க. ஒரு தவணை, ரெண்டு தவணை எங்கயாவது விடுபட்டிருக்கும்."

"இல்லைங்க உம்மா. நானே பார்த்து முடிச்சேன். ஒரு சதம்கூடப் பாக்கி இல்லை."

பெருமையாகத்தான் சொன்னான். இனி யாரும் அவரைத் தொந்தரவு பண்ண முடியாது என்று நிம்மதி கொடுக்க நினைத்தான்.

திரைக்குப் பின்னால் நாற்காலி மெல்ல நகர்ந்தது.

"அப்ப சரி தம்பி" என்றார் ஹபீஸா உம்மா.

ஆப்பிளை றமீலாவிடம் கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான். கேட் அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கேகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுதான் அந்த அம்மா என்ன கேட்டார் என்பது அவனுக்கு உறைத்தது. பாக்கி இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். கட்டிவிடுகிறேன், வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று மகள் காதில் விழச் சொல்லியிருப்பார். காலாண்டுக்கு ஒரு தரம் அவன் வந்திருக்கலாம்.

எழுந்து நின்றுவிட்டான்.

"பஹினவாத?" என்று கேட்டான் கண்டக்டர், இறங்குகிறீரா என்று.

இறங்கித் திரும்பிப் போய் என்னவென்று சொல்வது? கணக்கை முடித்தவன் அவன்தானே. இந்திரகுமார் இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.